மண்ணீரலை எடுக்கும் முன்பும் பின்பும்

கேள்வி: என் 12 வயது மகனுக்கு ஹெரிடிட்டரி ஸ்பீரோசைட்டோசிஸ். இதுவரை நான்கு முறை ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அடுத்த மாதம் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவன் மஞ்சள் கண்ணைப் படமெடுத்துப் போட்டுக் கேலி செய்கிறார்கள். அதனால் அவனும் சீக்கிரம் செய்யச் சொல்கிறான். என்ன முன்னேற்பாடு தேவை?

பதில்: மீண்டும் மீண்டும் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பிள்ளைக்கு, 6 வயது கடந்தபின் மண்ணீரலை அகற்றுவது ஏற்கப்பட்ட சிகிச்சைதான். இந்த நோயில் சிவப்பணுவின் மேலுறை பலவீனமாக இருப்பதால் அது தட்டை வடிவை இழந்து உருண்டையாகிறது. மண்ணீரலின் குறுகிய சந்துகளில் நெளிந்து நுழைய முடியாமல் மாட்டி அழிகிறது. மண்ணீரலை எடுத்த பிறகும் அணுக்கள் உருண்டையாகவேதான் இருக்கும், ஆனால் அழிவது வெகுவாகக் குறையும். ரத்தசோகை சரியாகும், கண் மஞ்சளும் மறையும்.

ஆனால் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் போன்ற உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பதும் அதே மண்ணீரல்தான். அது இல்லாதவருக்கு இக்கிருமிகள் சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கும். இந்த ஆபத்தை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள் முதலில் பதிவு செய்ததும், இதே நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளிடம்தான்.

ஆகவே தேதியைத் தடுப்பூசிகள்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த மாதம் என்பது அவசரம். தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நியூமோகாக்கல் ஊசி சேர்ந்தது 2021-இல். தனியாகப் போட்டிருந்தால் தவிர உங்கள் மகனுக்கு அது கிடைத்திருக்காது. இன்றே நியூமோகாக்கல் கான்ஜுகேட் ஊசி ஒன்று போடுங்கள். அதிலிருந்து 8 வாரம் கழித்து, 23 வகைக் கிருமிகளுக்கான பாலிசாக்கரைடு ஊசி. மெனிங்கோகாக்கல் ஊசி 8 வார இடைவெளியில் 2 தவணை. இங்கே பலர் தவறுகிறார்கள்: மெனாக்ட்ரா என்ற வகையை நியூமோகாக்கல் கான்ஜுகேட்டுடன் ஒரே நாளில் போடக் கூடாது, 4 வாரமாவது தள்ள வேண்டும். சேர்த்துப் போட்டால் நியூமோகாக்கலுக்கான எதிர்ப்பாற்றல் குறையலாம். தடுப்பூசி அட்டையில், ஹிப் தடுப்பும் அடங்கிய பெண்டாவேலன்ட் ஊசியின் 3 தவணையும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹிப் ஊசி ஒன்று. கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் இடையே குறைந்தது 14 நாள் வேண்டும். கூட்டிப் பார்த்தால் சுமார் 10 வாரம் ஆகிறது. ஹீமோகுளோபின் நிலையாக இருந்தால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மெனிங்கோகாக்கலின் இரண்டாம் தவணை அறுவைக்குப் பின் வந்தாலும் சரி.

இதற்கிடையே வயிற்று ஸ்கேன் அவசியம். இந்த நோயில் பித்தப்பைக் கல் அடிக்கடி வரும், இருந்தால் ஒரே அறுவையில் பித்தப்பையையும் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு முக்கிய மண்ணீரலுக்கு அருகே சிறு துணை மண்ணீரல் இருக்கும். அதை விட்டுவிட்டால் நாளடைவில் வளர்ந்து பழைய தொல்லையைத் திருப்பிக் கொண்டுவரும். அறுவையின்போது தேடிப் பார்க்கும்படி சொல்லி வையுங்கள். அறுவை நாள் வரை ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அறுவைக்குப் பின் பெனிசிலின் வி 250 மில்லிகிராம், தினம் இரு வேளை, குறைந்தது ஓராண்டு. சில மருத்துவர்கள் 16 வயது வரை தொடரச் சொல்வார்கள், அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது. கடையில் கிடைக்காவிட்டால் நீங்களாக விட்டுவிடாமல் அமாக்சிசிலினுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, 5 ஆண்டு கழித்துப் பாலிசாக்கரைடு மறு தவணை, மெனிங்கோகாக்கலுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 100.4 டிகிரி, அல்லது நடுக்கமும் வாந்தியும் என்றால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய ஆண்டிபயாடிக்கின் முதல் வேளையைக் கொடுத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘மண்ணீரல் இல்லை’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) ரத்தம் எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல் நரம்பு வழி ஆண்டிபயாடிக் தொடங்க வேண்டும். சாதாரண வைரஸ் காய்ச்சல் போலத்தான் இது தொடங்கும். அதனால்தான் பிள்ளைகளை இழக்கிறோம். ஆபத்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மிகுதி, ஆனால் ஆயுள் முழுக்க இருக்கும். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, வெறிநாய்க்கடி ஊசியோடு ஆண்டிபயாடிக்கும் அன்றே தேவை.

கேலியைப் பற்றி: அதற்காக அறுவையை முன்தள்ளாதீர்கள். அந்தப் படங்களை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பாசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள். பள்ளி அசையாவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. போனைப் பிடுங்காதீர்கள், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டான். மஞ்சள் கண் தொற்றாது, இது பிறவியிலேயே வந்த ரத்தக் கோளாறு என்று வகுப்பில் விளக்க மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே உங்களை அழைக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.