பார்த்துக் கற்பதும் எடுத்துக்கொண்டு போவதும்: பந்தய அணிகள் பற்றிய கேள்வி-பதில்

கோவை வட்டாரத்தில் பந்தயக் கார் கட்டுபவர்களும் அதற்குப் பாகம் கடைந்து தருபவர்களும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். ஒரே லேத்தில் காலையில் ஓர் அணியின் ஹப் (சக்கரத்தைப் பொருத்தும் நடுப்பகுதி), மாலையில் எதிரணியின் ஹப் ஏறும். அதனால்தான் ரகசியம், திருட்டு, தில்லுமுல்லு பற்றிய கேள்விகள் இங்கிருந்து நிறைய வருகின்றன.

ஏனுங்க, செட்டிபாளையம் டிராக்குல எங்க கார் பிட்ல நிக்கறப்ப எல்லாம் பக்கத்து டீம் பசங்க போட்டோ எடுக்கறாங்க. இது திருட்டு இல்லீங்களா? (பீளமேடு)

இல்லை. வெளியே நிற்கும் காரைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஃபார்முலா ஒன் வரை எல்லோரும் செய்வதுதான். எல்லை எங்கே என்று தெரிய 2020 ரேசிங் பாயின்ட் விவகாரத்தைப் பாருங்கள். முந்தைய ஆண்டு மெர்சிடிஸைப் படங்களைப் பார்த்தே தங்கள் கார் முழுவதையும் வரைந்ததாக அந்த அணி சொன்னது. அதற்காக யாரும் தண்டிக்கவில்லை. தண்டனை வந்தது பின்சக்கர பிரேக் டக்டுக்கு (பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக்குழலுக்கு) மட்டும். அதை மெர்சிடிஸ் கொடுத்த கேட் கோப்பிலிருந்து (கணினி வரைபடத்திலிருந்து) உருவாக்கியிருந்தார்கள். 2020 முதல் அந்தப் பாகத்தை ஒவ்வொரு அணியும் தானே வடிவமைக்க வேண்டும் என்பது விதி. 15 புள்ளிகள் பறிபோயின, 4 லட்சம் யூரோ அபராதம். படங்களை வைத்து முழுக் காரையும் நகலெடுக்கும் வழியை எஃப்ஐஏ (சர்வதேச கார் பந்தய அமைப்பு) அடைத்தது அதற்குப் பிறகுதான்.

எல்லோருக்கும் ஒரே கார் என்ற பந்தயத்தில் உங்கள் ரகசியம் பாகத்தில் இல்லை, செட்டப்பில் இருக்கிறது. கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்), ரைடு ஹைட் (தரையிலிருந்து காரின் உயரம்), விங் கோணம், டயர் காற்று. இவற்றில் படத்தில் தெரிவது விங் கோணமும் ஓரளவு ரைடு ஹைட்டும்தான். ஆகவே மூட வேண்டியது காரை அல்ல, செட்டப் ஷீட்டை. டயர் மேல் சாக்பீஸில் காற்றழுத்தம் எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பக்கத்து டீமுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

2007-ல மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் போட்டாங்களே, அப்படி என்னத்தைத் திருடினாங்க? (திருப்பூர்)

ஃபெராரியின் 780 பக்க ஆவணம். ஃபெராரியில் இருந்த நைஜல் ஸ்டெப்னியிடமிருந்து மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் மைக் காஃப்லனுக்குப் போனது. காஃப்லனின் மனைவி அதை இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு நகலகத்தில் கொடுத்து டிஸ்க்கில் ஏற்றச் சொன்னார். கடைக்காரர் தாள்களில் ஃபெராரி பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நேராக இத்தாலிக்கே தகவல் அனுப்பிவிட்டார்.

ஜூலை 26 விசாரணையில் மெக்லாரன் விதியை மீறியது உறுதியானது. ஆனால் அந்தத் தகவலைக் காரில் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்று தண்டனை தரவில்லை. ஓட்டுநர்கள் பெட்ரோ டி லா ரோசா, ஃபெர்னாண்டோ அலோன்சோ இருவரின் மின்னஞ்சல்கள் வெளிவந்ததும் நிலைமை மாறியது. ஃபெராரியின் எடைப் பங்கீடு, பிரேக் அமைப்பு, டயருக்குள் நிரப்பும் வாயு எல்லாம் அவற்றில் பேசப்பட்டிருந்தன. செப்டம்பர் 13-இல் அபராதமும், அந்த ஆண்டின் அணிப் புள்ளிகள் முழுவதும் ரத்தும் வந்தன. ஓட்டுநர் புள்ளிகளைத் தொடவில்லை.

டயர் வாயுவில் என்ன பெரிய ரகசியம் என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். 30 டிகிரியில் 22 பிஎஸ்ஐ அடைத்த டயர் ஓடி 80 டிகிரி ஆனால், உலர்ந்த காற்றாக இருந்தால் சுமார் 28 பிஎஸ்ஐக்கு ஏறும். சாதாரணக் கம்ப்ரஸர் காற்றில் ஈரம் கலந்திருக்கும். உள்ளே நீர் தங்கினால் அதுவும் ஆவியாகி அழுத்தம் இன்னும் கூடும், அதுவும் நான்கு டயரிலும் ஒரே அளவில் கூடாது. முதல் மூன்று லேப் நன்றாக ஓடிய கார் ஆறாவது லேப்பில் பின்பக்கம் வழுக்குவதற்கு இது ஒரு காரணம். ஃபார்முலா ஒன் அணிக்கு அந்த வாயுக் கலவை மாதக்கணக்கான சோதனையை மிச்சப்படுத்தும். உங்களுக்கு அந்த ரகசியம் தேவையில்லை: கம்ப்ரஸர் டாங்கியின் தண்ணீரைத் தினமும் வடியுங்கள், லைனில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள், முடிந்தால் நைட்ரஜன் நிரப்புங்கள்.

கணபதியில சிஎன்சி பட்டறை வச்சிருக்கேனுங்க. ஒருத்தர் அப்ரைட் (சக்கர ஹப்பைத் தாங்கற பாகம்) கடையச் சொல்லி டிராயிங் கொண்டாந்தார். மூலையில வேற டீம் பேர் இருக்கு. செய்யலாமுங்களா?

செய்யாதீர்கள். டிராயிங்கும் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்புதான். தாளில் உள்ளதை உலோகத்தில் கடைவதும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி நகலெடுப்பதே. 50 எண்ணிக்கைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தியான, பதிவு செய்யாத வடிவமைப்புக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் பந்தய அணி கடைவது நாலு அப்ரைட், எட்டு அப்ரைட். அந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது.

1978-இல் ஃபார்முலா ஒன்னின் ஷேடோ அணியிலிருந்து பிரிந்து போனவர்கள் ஆரோஸ் அணியைத் தொடங்கிக் கார் இறக்கினார்கள். ஷேடோவின் டிராயிங்கைப் பார்த்துச் செய்தது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காரை அதன் பிறகு ஓட்ட முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஃபோர்ஸ் இந்தியா என்ற ஃபார்முலா ஒன் அணிக்குக் காற்றுச் சுரங்க வேலை செய்த இத்தாலிய நிறுவனம் அடுத்து லோட்டஸ் அணிக்கு வேலை எடுத்தது. அங்கிருந்த வரைவாளர்கள் சிலர் புதிதாக வரையச் சோம்பி, ஃபோர்ஸ் இந்தியாவின் பழைய கேட் கோப்புகளைத் திறந்து திருத்திவிட்டார்கள். 2012 தீர்ப்பில் ஃபோர்ஸ் இந்தியாவுக்குக் கிடைத்த இழப்பீடு வெறும் 25,000 யூரோ. அதே தீர்ப்பில், பாக்கி வைத்த கூலிக்காக ஃபோர்ஸ் இந்தியா அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியது 8,46,230 யூரோ. பட்டறைக்காரரின் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு ரகசியம் காக்கும்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். டிராயிங் யாருடையது, கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்பதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூலையில் பெயர் வேறாக இருந்தால் அந்த அணியின் எழுத்து மூலமான அனுமதி கேளுங்கள். வேலை முடிந்ததும் புரோகிராமை மெஷின் மெமரியிலிருந்து அழித்து, வாடிக்கையாளர் பெயரில் தனி டிரைவில் பூட்டுங்கள். கழித்துப்போட்ட பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடும் முன் குறுக்கே அறுத்துவிடுங்கள். கழிவுக் கூடையிலிருந்தும் அளவுகள் வெளியே போகும்.

காலேஜ் டீமுங்க, ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிக்குக் கார் செய்யறோம். ரெஸ்ட்ரிக்டரைச் (இன்ஜினுக்குப் போற காத்தைக் குறைக்கற குறுகின துளை) சுத்திக் காத்து இழுக்குதுன்னு ஸ்க்ரூட்டினியில (கார் சோதனையில) சொல்லிட்டா ஏமாத்தினதா ஆயிடுமா? (பெருந்துறை)

நோக்கம் என்ன என்று யாரும் பார்க்க மாட்டார்கள், கசிவு இருந்தால் தேர்ச்சி இல்லை. இந்தக் கடுமை ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம். 1995 கேட்டலோனியா ராலியில் டொயோட்டாவின் டர்போ ரெஸ்ட்ரிக்டர் ஹோஸ் கிளாம்பை இறுக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்தி நகர்ந்து, சுற்றிலும் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டது. சோதிக்க ஹோஸைக் கழற்றினால் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும். அணியின் புள்ளிகள் போய், 12 மாதத் தடையும் வந்தது. காற்று வழியில் யாருடைய வாய்ச்சொல்லும் எடுபடாது.

டர்போ இல்லாத இன்ஜினில் வரிசை: த்ராட்டில், ரெஸ்ட்ரிக்டர், இன்ஜின். பெட்ரோலுக்குத் துளையின் உச்ச அளவு 20.0 மி.மீ. அலுமினியத்தில் 19.99 என்று கடையாதீர்கள். 40 டிகிரி சூடேறினால் துளை 0.018 மி.மீ. விரியும், 20.008 ஆகி நோ-கோ பின் (துளை பெரிதானால் மட்டும் நுழையும் அளவுகோல்) உள்ளே போய்விடும். 19.95 வைத்தால் சக்தியில் வித்தியாசமே தெரியாது.

ஐடிலில் ஓடவிட்டு, காற்று நுழையும் வாயை ரப்பர் ஒட்டிய தட்டால் மூடுங்கள். கையை வைக்க வேண்டாம். இன்ஜின் உடனே நிற்க வேண்டும். தள்ளாடிக்கொண்டு ஓடினால் கசிவு இருக்கிறது. காற்றுக் குழாயின் இரு முனையையும் அடைத்து 0.3 பார் காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங், மேப் சென்சார் (காற்றழுத்தம் அளப்பது) குழாய், பிளெனம் (காற்று சேரும் அறை) வெல்டிங் மூலை, இந்த வரிசையில் தேடுங்கள். 3டி பிரின்ட் பிளெனம் என்றால் சுவரே நுண்துளையாகக் கசியும், உள்ளே எபாக்ஸி பூச வேண்டும்.

ஃபார்முலா ஒன்ல பி.ஏ.ஆர். அணியை 2005-ல ஏன் தடை பண்ணினாங்க? (பொள்ளாச்சி)

எடை. இமோலாவில் பந்தயம் முடிந்ததும் கார் 606.1 கிலோ, எரிபொருளை முழுவதும் வடித்தபின் 594.6. எரிபொருள் இல்லாமலே குறைந்தபட்சம் 600 இருந்திருக்க வேண்டும். டாங்கிக்குள் இன்னொரு சிறு அறையில் பெட்ரோல் மிஞ்சியிருந்தது. இரண்டு பந்தயங்களுக்குத் தடை.

மெக்கானிக் ஒருத்தர் வேற டீமுக்குப் போறார். தடுக்க முடியுங்களா? (குறிச்சி)

முடியாது. போட்டியாளரிடம் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி வேலையை விட்ட பிறகு அது செல்லாது. கைத்திறனும் அனுபவமும் அவருடையவை. கோப்பு உங்களுடையது. அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு கணினியிலிருந்து நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 1961-இல் எம்இசட் மோட்டார் சைக்கிள் அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் டூ-ஸ்ட்ரோக் நுட்பங்களோடு கிழக்கு ஜெர்மனியை விட்டு ஓடிப்போனார். மறு ஆண்டே சுசூகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வென்று கொடுத்தார். தலைக்குள் இருப்பதை எந்தப் பூட்டும் தடுக்காது. டேட்டா லாகர் (காரின் தரவைப் பதிவு செய்யும் கருவி) பாஸ்வேர்டை அவர் கிளம்பும் அன்றே மாற்றுங்கள்.

1300 கிளாஸ்ல பையன் ஓட்டறானுங்க. ஒரு வண்டி மட்டும் நேர்ல பறக்குது. இன்ஜின்ல ஏதோ பண்ணியிருக்காங்க. என்ன செய்யலாம்? (ஈரோடு)

முதலில் செக்டார் (டிராக்கின் ஒவ்வொரு பகுதி) நேரத்தைப் பாருங்கள். நேர்பாதைக்கு முந்தைய வளைவிலிருந்தே அந்த வண்டி வேகமாக வெளிவந்தால், காரணம் பெரும்பாலும் டயரும் ஓட்டுநரும்தான். வளைவில் சமமாக இருந்து நேரில் மட்டும் விலகினால் சந்தேகப்படலாம்.

புகார் எழுத்தில், அணியின் என்ட்ரன்ட் (போட்டிக்குக் காரைப் பதிவு செய்தவர்) பெயரில், கட்டணத்தோடு போக வேண்டும். சர்வதேச விதிப்படி தற்காலிக முடிவு வெளியான 30 நிமிடத்துக்குள். உள்ளூர்ப் போட்டியின் துணை விதியையும் படித்துக்கொள்ளுங்கள். "இன்ஜின் சரியில்லை" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். விதி எண், பாகம், அளவு மூன்றையும் குறிப்பிடுங்கள்.

எதை அளக்கச் சொல்வது? 74 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75.5 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள நான்கு சிலிண்டர் 1299 சிசி. 0.50 ஓவர்சைஸ் ரீபோர் செய்தால் (சிலிண்டரை 0.50 மி.மீ. பெரிதாகக் கடைந்தால்) 1300-ஐத் தாண்டி 1316. ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் தேய்மானத்துக்காக ரீபோர் செய்தவர்களும் இதில் மாட்டுவார்கள், ரீபோருக்கு விதி எவ்வளவு இடம் தருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கம்ப்ரஷன் விகிதமும் அப்படித்தான்: கேஸ்கெட் 0.5 மி.மீ. மெல்லியதானாலே இதே இன்ஜினில் 9.5 என்பது 10.0 ஆகும். ஹெட்டின் குழிவைக் கண்ணாடித் தட்டும் ப்யூரெட்டும் வைத்து அளப்பார்கள், நாலு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். வண்டி பார்க் ஃபெர்மேயை (பந்தயம் முடிந்ததும் கார்களைக் காவலில் நிறுத்தும் இடம்) விட்டு வெளியேறும் முன் இன்ஜின் சீல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டு வந்த இன்ஜினில் எதையும் நிரூபிக்க முடியாது.