கொலுசு கறுத்தால் கலப்படமா?

கே: சேலத்தில் வாங்கிய கொலுசு இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

ப: கறுத்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும். மேலே படிவது வெள்ளி சல்பைடு. ரப்பர் பேண்டு போட்டு வைத்தீர்களா? ரப்பரில் கந்தகம் உண்டு. எங்கள் வீட்டுக் கரண்டிகளில் ரப்பர் பேண்டு இருந்த இடம் மட்டும் மை தீட்டிய கோடாகக் கறுத்திருந்தது.

கே: வாசலுக்கு வந்தவரிடம் அம்மா வெள்ளித் தட்டைப் பாலிஷ் போடக் கொடுத்தார். பளபளப்பாகத்தான் வந்தது. எடை போட்டால் 14 கிராம் குறைகிறது.

ப: அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அழுக்கு போனதால் 14 கிராம் குறையாது, வெள்ளியே போயிருக்கிறது. இதைப் பல வருடமாக எழுதி வருகிறேன், இன்னும் ஆறவில்லை. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்து வெள்ளி நைட்ரேட் ஆகிவிடும். பார்வைக்கு வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அதில் உப்புக் கரைசலை விட்டால் திரிந்த பால் போல வெள்ளி குளோரைடு வெள்ளையாக அடியில் இறங்கும். அதிலிருந்து வெள்ளியை மீட்டுவிடலாம். உங்கள் தட்டின் வெள்ளி பாலிஷ்காரரின் வாளியோடு போகும் வழி இதுதான். போலீசில் புகார் கொடுங்கள்.

இனி வீட்டிலேயே செய்யுங்கள். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, கொதிநீரும் சமையல் சோடாவும் விடுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும். கந்தகம் வெள்ளியை விட்டுப் போய்விடும், வெள்ளி தட்டிலேயே தங்கிவிடும். கல் பதித்த நகையை மட்டும் இதில் போட வேண்டாம்.

கே: எதிர்ப்புச் சக்திக்கு ‘வெள்ளித் தண்ணீர்’ பாட்டில் விற்கிறார்கள். குடிக்கலாமா?

ப: குடிக்காதீர்கள். உடம்பில் சேரும் வெள்ளி தோலை நீலச் சாம்பல் நிறமாக்கிவிடும். அந்த நிறம் திரும்பப் போகாது.

கே: ஜெர்மன் சில்வர் விளக்கு மலிவாகக் கிடைத்தது. அடகுக் கடையில் வாங்க மறுக்கிறார்கள். பில்லும் இல்லை.

ப: அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளி துளியும் கிடையாது. கேட்காமல் வாங்கிவிட்டு அப்புறம் என்னிடம் கேட்டு என்ன செய்வது? பில் இல்லாமல் குங்குமச் சிமிழ் வாங்கி, முலாம் தேய்ந்து செம்பு தெரிந்தபோது என்னாலும் கடைக்குப் போய் நிற்க முடியவில்லை. அடுத்த முறை ஹால்மார்க் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க அடையாள எண் வந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.