ஏசி மெக்கானிக் படிப்பில் சேரும் முன்: திரவமும் வாயுவும் தெரிந்திருக்கட்டும்

மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான், ஐடிஐ-யில் ஏசி பிரிவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் "கைவேலைதானே, அறிவியல் எதற்கு" என்ற நினைப்போடு அனுப்பாதீர்கள். ஒரே பொருளைத் திரவமாகவும் வாயுவாகவும் மாற்றி மாற்றி ஓடவிடுவதுதான் இந்தத் தொழிலே.

பாய்வது, கலத்தின் வடிவத்துக்கு மாறுவது, எல்லாப் பக்கமும் அழுத்துவது இரண்டுக்கும் பொது. இரண்டையும் பாய்மம் என்பது அதனால்தான். இதை மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் வந்துவிடும். ஆனால் வேலையில் கை கொடுப்பது வேற்றுமைகள்தான்.

முக்கியமானது அமுங்கும் தன்மை. வெப்பநிலை மாறாமல் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் வாயுவின் பருமன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தண்ணீரையோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்கு அமுக்கினாலும் சுமார் அரை சதவீதம்தான் குறையும். கம்ப்ரஸர் வாயுவை அமுக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே இருக்கும் ஃபேன் நின்றாலோ, கேஸ் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டாலோ, கூலிங் காயிலில் திரவம் முழுதாகக் கொதித்து ஆவியாகாது. மிச்சத் திரவம் கம்ப்ரஸருக்குள் போகும். அது அமுங்காது என்பதால் பிஸ்டன் வகையில் வால்வுத் தகடு உடையும், கனெக்டிங் ராடு வளையும். காரணத்தைப் பார்க்காமல் புதுக் கம்ப்ரஸர் மாட்டினால் அதுவும் போகும்.

மகனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நைட்ரஜன் சிலிண்டரில் பாதி தீர்ந்தால் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளும் ஏறத்தாழப் பாதிக்கு இறங்குகிறது. ஏசிக்குள் ஓடும் கேஸான ஆர்-32 சிலிண்டரில் பாதி தீர்ந்தும் முள் ஏன் இறங்குவதில்லை? உள்ளே திரவம் இருக்கும்வரை, வெளியேறிய வாயுவின் இடத்தை அது ஆவியாகி நிரப்பிவிடும். அங்கே அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. ஆகவே மீதி எவ்வளவு என்று தெரிய எடைதான் போட வேண்டும். அவனாகவே யோசித்து இதன் அருகில் வந்துவிட்டால் தைரியமாகச் சேருங்கள்.

பழைய ஏசியிலிருந்து கேஸை மீட்டு நிரப்பும் சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் ஏற்றக் கூடாது என்பதற்கும் அந்த அமுங்கும் தன்மையே அடிப்படை. வெயிலில் திரவம் விரியும். மேலே வாயுவுக்கு இடம் இருந்தால் அது அமுங்கிக் கொடுக்கும், இல்லாவிட்டால் சிலிண்டரே வெடிக்கலாம்.

சூடேறினால் திரவத்தின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) குறையும், வாயுவுக்குக் கூடும் என்பது தேர்வுக்கு உதவும், ஸ்பேனர் பிடிக்கும்போது அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் லீக் பார்க்க ரெகுலேட்டர் மாட்டிய நைட்ரஜன்தான், ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

மேற்படிப்புக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே கணக்கு வேண்டியிருக்கும், இப்போதிருந்தே அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.