ஸ்திரீதனம் வாங்கிய மகளுக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே எங்கள் ஊர். கிறிஸ்தவக் குடும்பம். 1987-இல் எனக்குக் கல்யாணம் நடந்தது. 35 பவுன் நகையும் கொஞ்சம் ரொக்கமும் ஸ்திரீதனமாகக் கொடுத்தார்கள். அப்பா 2019-இல் இறந்தார். உயில் எழுதியதாகத் தெரியவில்லை. அம்மா இருக்கிறார். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். அப்பா பெயரில் 54 சென்ட் விளையும் (தோட்ட நிலம்) அதில் ஒரு வீடும் உண்டு. போன மாதம் அண்ணன், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார். ஸ்திரீதனம் வாங்கினவளுக்குப் பங்கு கிடையாது, 1989-க்கு முன்பு கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சட்டப்படியும் இல்லை என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்று மைனி (அண்ணன் மனைவி) சொல்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பங்கே இல்லாதவரிடம் விடுதலை எழுதி வாங்க யாரும் முத்திரைத்தாள் செலவு செய்ய மாட்டார்கள். அப்பா உயிலோ தானமோ எழுதவில்லை என்றால், நிலத்தில் 12 சென்டும் வீட்டில் ஒன்பதில் இரண்டு பாகமும் உங்களுக்கு உரியவை.

உங்கள் அண்ணன் சொல்லும் வழக்கம் வெறும் கட்டுக்கதை அல்ல, ஒரு காலத்தில் இங்கே அதுதான் சட்டம். 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் கொடுத்துவிட்டாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுட்கால அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பழைய சட்டமே இங்கு தொடர்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் எழுபதுகளில் ஒரு வழக்கில் சொன்னது. ஊர்ப் பெரியவர்கள் பலருடைய சட்ட அறிவு அந்த இடத்திலேயே நிற்கிறது.

கேரளக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர் சட்டம் செல்லாது, அன்று முதல் 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பது தீர்ப்பு. அந்த நாளில் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும். பார்க்க வேண்டியது சொத்துக்காரர் இறந்த தேதி. மகளின் கல்யாணத் தேதிக்கு இதில் வேலையே இல்லை.

1989 என்பது இந்துக்களுக்கான தமிழ்நாட்டுத் திருத்தத்தில் வருவது. 25.3.1989-க்கு முன் மணமான மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு இல்லை என்ற அந்தத் தடை 2005-இன் மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு இந்துப் பெண்களுக்கே நிற்பதில்லை. பக்கத்து வீட்டுச் சட்டத்தை எடுத்துவந்து உங்களிடம் காட்டுகிறார்கள்.

இனி கணக்கு. உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் அந்த 1925 சட்டத்தின் பிரிவு 33-படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிரிவு 37-படி பிள்ளைகளுக்குள் ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் சம பங்கு. அம்மாவுக்கு 18 சென்ட், உங்கள் மூவருக்கும் தலைக்கு 12. ஸ்திரீதனத்துக்கு நேரடியான பதில் பிரிவு 49-இல் இருக்கிறது: உயிலின்றி இறந்தவர் தன் ஆயுட்காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது. 35 பவுனைக் கழிப்பதானால், அண்ணன், தம்பியின் படிப்புக்கோ தொழிலுக்கோ அப்பா பணம் போட்டிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். சட்டம் இரண்டையும் கழிக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறப்பால் வரும் உரிமை கிடையாது. அப்பா முழுச் சொத்தையும் மகன்களுக்கே உயிலாகவோ, உயிரோடிருந்தபோதே கொடுத்த தான செட்டில்மென்டாகவோ எழுதியிருந்தால், அது முறைப்படி இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் முதல் வேலை ஆவணத் தேடல். சர்வே எண்ணை வைத்து, அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுங்கள். மறு அளவையில் எண் மாறியிருக்கும், பழைய எண், புது எண் இரண்டுக்கும் போடுங்கள். ஒன்றை விட்டால் பதிவான செட்டில்மென்ட் கண்ணில் படாமல் போகும். மூலப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருந்தால் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இது: உயில் வில்லங்கச் சான்றில் வராது. அப்பாவின் இறப்புச் சான்றோடு சார்பதிவகத்தில் தனியாகத் தேடக் கேட்க வேண்டும். பதிவு செய்யாத உயிலும் செல்லும். திடீரென்று ஒன்றை நீட்டினால் நகல் வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது உயிருடன், சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால் அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை நிரூபிக்க முடியும்.

அடுத்து, 54 சென்டும் அப்பா வாங்கியதா, தாத்தா வழி வந்ததா என்று பாருங்கள். தாத்தா 1951 ஏப்ரலுக்குப் பிறகு உயிலின்றி இறந்திருந்தால் உங்கள் அத்தைமாருக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். அவர்களையோ அவர்கள் வாரிசுகளையோ சேர்க்காமல் பாகவழக்கு (பங்கு பிரிக்கக் கேட்கும் வழக்கு) போட்டால், அவசியமான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்று அது அடிபடும். அவர்கள் பங்கு இன்று காலாவதியாகியிருக்கலாம், அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இந்த இடத்தில் சங்கடப்படுகிறவர்களும் உண்டு. தனக்குக் கேட்கும் நியாயம் அத்தைக்கும் உண்டுதானே.

அம்மா தன் 18 சென்டை மகன்களுக்கு எழுதிக் கொடுக்கலாம், அதைத் தடுக்க முடியாது. 54-ஐயும் சேர்த்து எழுதினாலும் அவருடைய பங்கு மட்டுமே போகும். எழுதாமல் காலமானால் அந்த 18-லும் உங்களுக்கு 6 வரும். அண்ணன், தம்பி பெயருக்குப் பட்டா மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், பட்டா உரிமை தருவதில்லை. ஆனால் வாரிசுச் சான்றில் உங்கள் பெயரை விட்டுவிட்டுத்தான் மாற்றினார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் தாசில்தாரிடம் உடனே எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு வக்கீல் நோட்டீஸ். பங்கு தர மறுத்தால் பாகவழக்கு. சொத்து மார்த்தாண்டம் பக்கம் என்பதால் பொதுவாகக் குழித்துறையில்தான் போட வேண்டியிருக்கும், எந்தப் படி நீதிமன்றம் என்பது மதிப்பைப் பொறுத்தது. மனுவில் கோபத்தில் "என்னை வெளியேற்றி விட்டார்கள்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பங்கின் சந்தை மதிப்புக்கு நீதிமன்றக் கட்டணம் கட்ட நேரும். கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு அது சிறிய நிலையான தொகை. சட்டத்தின் பார்வையில் ஒரு பங்காளியின் அனுபவம் எல்லோருக்குமானது. நீங்கள் வீட்டுக்குப் போய்வருவது, தேங்காய் வெட்டில் பங்கு வாங்குவது உண்மையாக இருந்தால் அதை எழுதுங்கள். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து 12 வருடம் அனுபவித்தால், உங்கள் உரிமை காலாவதியாகிவிட்டது என்ற வாதம் வரும். அண்ணன் போன மாதம் மறுத்த நாளையே பிற்பாடு தொடக்கமாகக் காட்டலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். விற்பனைப் பேச்சு அடிபட்டால் மனுவுடனேயே இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே.

முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்ததும் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுபவர்கள் நிறைய. அது பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் அளந்து எல்லை பிரித்து இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் நிலம் கைக்கு வரும். வீட்டை வெட்டிப் பிரிக்க முடியாது. குடியிருப்பவர் மதிப்பைப் பணமாகத் தருவதே வழக்கமாக நடப்பது.

செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீலும் நீதிமன்றக் கட்டண உதவியும் உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள், அல்லது நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு அண்ணன், தம்பியை நோட்டீஸ் அனுப்பி அழைக்கவும் அங்கே வழியுண்டு. மைனி சொல்லும் வாசல் கவலைக்கு இதுவே நல்ல இடம் என்பது என் எண்ணம்.

பேசித் தீர்த்து விட்டுக்கொடுக்க நீங்களே விரும்பினால் அதுவும் உங்கள் உரிமைதான். அப்போதும் வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். 12 சென்டின் இன்றைய விலையை விசாரித்து, பேசிய தொகையை வங்கி வழியாக வாங்கி, அந்தத் தொகையையும் சர்வே எண்ணையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். "அன்பினால் விட்டுக்கொடுத்தேன்" என்று மட்டும் எழுதிவிட்டு, பணம் பிறகு தருகிறோம் என்றால் போடாதீர்கள்.