வான்வழி 400 கிமீ, சாலை வழி 520 கிமீ: எதில் சீக்கிரம் போகலாம்?

கேள்வி: நான் போகவேண்டிய ஊர் வான்வழியில் 400 கிமீ, விமானத்தில் அரை மணி நேரம் என்று தூரம் கணக்கிடும் தளம் ஒன்று காட்டுகிறது. டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்றிருக்கிறது. சாலை வழி 520 கிமீ. எதை நம்புவது? காரில் போவதே மேலா?

பதில்: நேரத்துக்கு டிக்கெட்டை நம்புங்கள். அந்தத் தளம் இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் ஆரம் 6,371 கிமீ என்று வைத்து, பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரம் சரிதான். அதை மணிக்கு 800 கிமீ என்ற வேகத்தால் அப்படியே வகுப்பதில்தான் கோளாறு. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே விமானம் 250 நாட், அதாவது மணிக்கு 463 கிமீ வேகத்தைத் தாண்டக்கூடாது. குறுகிய பயணத்தில் மேலே ஏறிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். டிக்கெட் நேரத்திலோ ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அடக்கம். ஆகவே 800-ஆல் வகுத்துவிட்டு 40 நிமிடம் கூட்டுங்கள். உங்கள் கணக்கு: 30 + 40 = 70 நிமிடம்.

ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை ஆகும் நேரத்தை. விமான நிலையத்துக்குப் போக 45 நிமிடம், புறப்பாட்டுக்கு முன் 90 நிமிடம், பயணம் 70, லக்கேஜுக்கு 30, அங்கிருந்து ஊருக்குள் போக 45. மொத்தம் 4 மணி 40 நிமிடம். விமான நிலையம் ஊரைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். டோக்கியோவின் நரிதா நகர மையத்திலிருந்து சுமார் 60 கிமீ.

காருக்கு வேக வரம்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நல்ல நெடுஞ்சாலையிலும் சராசரி 75 கிமீ வந்தால் அதிகம், மலைப்பாதையில் 35. இரண்டு மணிக்கொரு முறை 15 நிமிட ஓய்வையும் சேர்த்தால் 520 கிமீக்கு 7 மணி 40 நிமிடம் ஆகும். விமானம்தான் சீக்கிரம், மூன்று மணி நேரம் மிச்சம். சாலைத் தூரம் 300 கிமீக்குள் இருந்தால் பெரும்பாலும் கார் முந்திவிடும். தடையில்லாத விரைவுச்சாலை என்றால் அந்த எல்லை 400 வரை போகும்.

சாலைத் தூரம் தெரியாவிட்டால் வான்வழித் தூரத்தை 1.3-ஆல் பெருக்குங்கள், சமவெளிக்கு ஓரளவு ஒத்துவரும். நடுவே கடலோ பெரிய ஆறோ மலையோ இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலிருந்து உருகுவேயின் மாண்டிவிடியோ வான்வழியில் ஏறத்தாழ 200 கிமீ. சாலையில் லா பிளாட்டா முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், கிட்டத்தட்ட 600 கிமீ. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் சாலையே கிடையாது.

நீண்ட விமானப் பயணத்தில் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இராது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்காற்றால் நியூயார்க்–லண்டன் சுமார் 7 மணி நேரம், திரும்புகையில் 8. டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், ஒன்றிலிருந்து ஒன்றை நேராகக் கழிக்காமல் நேர வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.