உங்கள் வீட்டில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் உண்டா? அவரை நினைத்தால் முதலில் என்ன ஞாபகம் வருகிறது?

சாக்ஸ்.

என் அப்பா பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவர். டாக்டர் இல்லை. கட்டுப் போடுவது, ஊசி போடுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது அவர் வேலை. சண்டைக் கதை சொல்லுங்கள் என்று நானும் அண்ணனும் நச்சரித்தால், ஈரக் காலைப் பற்றி ஏதாவது ஒன்றை ஆரம்பிப்பார். நாங்கள் துப்பாக்கிக்காகக் காத்துக்கொண்டிருப்போம், சாக்ஸ்தான் வரும்.

அவருக்குப் பிடித்த கதை முதல் உலகப் போரில் நடந்தது. 1914-15 குளிர்காலத்தில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற வீரர்களுக்குக் கால் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கியது. ஒரு குண்டுகூடப் படாமல் ஆயிரக்கணக்கானவர்களைக் களத்தில் இருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்குப் பனி உறைகிற குளிர்கூட வேண்டாம், கால் காயாமலே இருந்தால் போதும். பிரிட்டிஷ் படை கடைசியில் வீரர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்கியது. பூட்ஸைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, திமிங்கில எண்ணெய் தடவி, காய்ந்த சாக்ஸ் மாட்டிவிட வேண்டும். "தன் கால் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும், அடுத்தவன் கால் என்றால் தோன்றாது" என்பார் அப்பா.

ஓய்வுபெற்று வந்த பிறகு செவ்வாயும் சனியும் சாயங்காலம் பழைய கிட் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போவார். சாப்பாடு கொடுக்க ஆள் இருக்கிறது, கம்பளி கொடுக்க ஆள் இருக்கிறது, காலைத்தான் யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் கணக்கு. யோசித்துப் பார்த்தால் சரிதான். வீடில்லாதவர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் விரட்டுவார்கள், அதனால் பகல் முழுக்க நடக்கிறார். ராத்திரி ஷூவைக் கழற்றி வைத்தால் காலையில் இருக்காது என்று போட்டபடியே தூங்குகிறார். அது காய்வதே இல்லை. காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்தே தூங்குபவருக்குக் கால் வீங்கிவிடும். கூடவே சர்க்கரை நோயும் இருந்துவிட்டால், புண் வந்தது அவருக்கே தெரியாது.

அப்பா செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் தன் முழங்கையை வைத்துப் பார்ப்பார். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். கழுவியதும் விரலிடுக்கில் ஈரம் போக ஒற்றி எடுப்பார். கிரீம் பாதத்துக்கு மட்டும்தான், விரலிடுக்கில் தடவினால் ஈரம் தங்கிவிடும். நகத்தை நேராக வெட்டுவார். பிறகு இரண்டு ஜோடி சாக்ஸ் கொடுப்பார். ஒன்று காலுக்கு. துவைத்த இன்னொன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வார், உடம்புச் சூட்டில் காய்ந்துவிடுமாம். கறுத்த தோலோ சீழோ கண்ணில் பட்டால் அவர் கை வைப்பதில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய், கூடவே வரிசையில் நிற்பார். காலைப் பிடித்திருப்பவரிடம் பொய் சொல்ல வராது போலிருக்கிறது. வேறு யாரிடமும் வாய் திறக்காதவர்கள்கூட சொந்தப் பெயர், தொலைத்த அடையாள அட்டை, பேசாமல் போன மகன் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அம்மா அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தார். விஷயம் இதுதான்: ஒரு பெரியவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண்ணை மூடினால் மூட்டை போய்விடும் என்ற பயம். "நான் காவல் இருக்கிறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். பட்டாளத்தில் சென்ட்ரி, அதாவது காவல், இரண்டு மணி நேரம்தான், அப்புறம் ஆள் மாற வேண்டும். மாற்ற ஆள் வரவில்லை, அதனால் காலைவரை இருந்துவிட்டாராம். "ஒரு போன் பண்ண முடியாதா?" என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த வாரத்தில் இருந்து கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பாடு 1988இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் வியட்நாம் போர் வீரர்கள் நடத்திய முகாமைப் பற்றிப் படித்துவிட்டு அவருக்கு ஒரே குஷி. வீடில்லாமல் போன முன்னாள் வீரர்களுக்காக மூன்று நாள் கூடாரம் அடித்து, அதற்கு 'ஸ்டாண்ட் டவுன்' என்று பெயர் வைத்தார்கள். சண்டையில் களைத்த பிரிவைப் பாதுகாப்பான இடத்துக்குப் பின்னால் வரவைத்து, குளிக்கவும் சூடாகச் சாப்பிடவும் பயமில்லாமல் தூங்கவும் விடுவதற்குப் பட்டாளத்தில் சொல்வது அது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "முதலில் குடியை விடட்டும், பிறகு உதவலாம்" என்று யாராவது சொன்னால், "நீங்க மூணு நாள் தூங்காம இருந்து பாருங்க, அப்புறம் எதை விடறதுன்னு பேசலாம்" என்பார்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு முதல் வேலை கிடைத்தபோது வாங்கிய புது ஷூவை, அளவு பொருந்துகிறது என்று கேட்காமலே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை. அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்க வராது. தினமும் ராத்திரி அண்ணனுடைய பழைய ஷூவைப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்தார், பட்டாளத்துப் பளபளப்பில் முகம் தெரியும். அந்த மாதக் கடைசியில் அண்ணன்தான் "போதும்பா" என்றான்.

மற்ற ஐந்து நாளும் சாயங்காலம் அவர் எங்களுடையவர். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து குனிய முடியாமல் போனதில் இருந்து அம்மாவின் கால் நகத்தை வெட்டியது அவர்தான். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்.

அவர் போன பிறகு கிட் பேக்கில் ஒரு நோட்டு இருந்தது. பக்கத்துக்கு ஒரு பெயர், கீழே கால் அளவு, புண் இருந்தால் எந்தக் கால், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று குறிப்பு. தெருவில் இருப்பவர்கள், அம்மா, அண்ணன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அகர வரிசையில் கலந்துதான் இருந்தோம். என் பக்கத்தில் மூன்று வயதில் இருந்து என் கால் வளர்ந்த அளவுகள். கடைசி வரி நான் மாசமாக இருந்தபோது எழுதியது. ஒரு அளவு கூடியிருந்தது, பக்கத்தில் பென்சிலில், "வீக்கம். தற்காலிகம். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கவும்."