ஐடிலில் மட்டும் ஒயில் விளக்கு மினுங்கினால்?

கந்தளாயிலிருந்து திருகோணமலை வரை ஓடி வந்து காரை நிறுத்தியதும் ஐடிலில், அதாவது அக்சிலேட்டர் கொடுக்காமல் இஞ்சின் ஓடும்போது, சிவப்பு ஒயில் விளக்கு மினுங்குகிறது, அக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறது என்கிறீர்கள். ஒயில் அழுத்தம் குறைந்தால் இந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சை மாற்றும்படி கராஜில் சொன்னார்களாம். அளந்து பார்க்காமல் மாற்ற வேண்டாம்.

இஞ்சினை உடனே நிறுத்தி, சமதரையில் பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லீட்டர்; குறைந்திருந்தால் மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஒயிலில் பெற்றோல் மணம் வந்தால் அது நீர்த்துவிட்டது. ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.

அளவு சரியென்றால் சுவிட்ச் வயரைக் கழற்றிச் சாவியை ஓனில் வையுங்கள். ஒற்றை வயர் சுவிட்சில் அப்போதும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ காரின் இரும்பு உடலில் முட்டுகிறது. நம் கடற்காற்றில் கனெக்டரில் பச்சை பூப்பதும் உண்டு. சொக்கெட்டுக்குள் ஒயில் கசிந்திருந்தால் சுவிட்ச் போய்விட்டது.

இவை எதுவும் இல்லையென்றால், சுவிட்ச் துளையில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டி, சூடான இஞ்சினில் ஒயில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு; சரியான அளவு உங்கள் காரின் மனுவலில் இருக்கும். குறைந்தால் முதலில் இஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றி ஒயில் பம்பின் வலையில் கசடு அடைத்திருக்கிறதா பாருங்கள். வலை சுத்தமென்றால் பம்ப் அல்லது பெயாரிங் தேய்மானம். தடித்த ஒயில் ஊற்றினால் விளக்கு அணையும், தேய்மானம் நிற்காது.